பெரிய வீட்டுப் பங்காளிகள்

வெள்ளி, காலை 6.40

பாண்டி அண்ணன்: நேற்று மாலை ஜீப்பை ஓடையில் இறக்கிப் பார்த்தேன். நான்கு சக்கர இணைப்பைக் காட்டும் விளக்கு எரிகிறது, முன்சக்கரம் இழுக்கவில்லை. பின்சக்கரம் மணலைத் தோண்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. டிராக்டரில் கயிறு கட்டித்தான் ஏற்றினோம்.

பாண்டி அண்ணன்: [படம்]

பெரியம்மா: யாருக்கும் அடி இல்லையே?

சித்தப்பா: வேட்டியை மடித்துக் கட்டி நிற்பது யார்? நம் வடக்குத் தெருக்காரர் மாதிரி இருக்கிறது.

பாண்டி அண்ணன்: அவர் டிராக்டர்காரர், சித்தப்பா. முன்சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பைப் பாருங்கள்.

அத்தை: சிவராத்திரிக்கு இன்னும் 9 நாள். அம்மாவை எப்படி அக்கரைக் குலசாமி கோயிலுக்குக் கொண்டுபோவது?

செல்வி: அப்பத்தாவை அந்த டிராக்டரிலேயே ஏற்றலாமே.

பெரியம்மா: கோயம்புத்தூரிலிருந்து வந்து நீயே ஏற்று.

அத்தை: போன மாசிக்கு யாரோ டிராக்டர் என்று சொன்னதற்கே இரண்டு நாள் சாப்பிடவில்லை. "என்னைப் பருத்தி மூட்டை என்று நினைத்தீர்களா" என்று கேட்டது நினைவில்லையா?

மாமா: அனைவருக்கும் வணக்கம். பாண்டி, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வலது ஹப்பில் ஒயர் நுழையும் இடத்தில் பச்சையாகத் தெரிவது களிம்பு. உள்ளே கிரீஸ் மோர் நிறத்தில் இருக்கிறது. இரண்டும் தண்ணீர் புகுந்ததன் அடையாளம். ஐப்பசி மழையில் ஓடையைக் கடந்தாயே, அப்போது போயிருக்கும். இந்த வண்டியில் பொத்தானை அழுத்தினால், என்ஜின் விசையை முன்பக்கமும் பிரித்துவிடும் டிரான்ஸ்ஃபர் கேஸ் இணைந்து முன் ஆக்ஸில் வரை சுற்ற ஆரம்பிக்கும். ஆனால் ஆக்ஸிலையும் சக்கரத்தையும் கோத்துப் பிடிப்பது ஹப். அதற்குள் இருக்கும் வளையத்தை மின்சாரம் தள்ள வேண்டும். ஒயர் அரித்துவிட்டதால் வளையம் நகரவில்லை. விளக்குக்கு அந்தச் சங்கதி தெரியாது, அது எரிந்துகொண்டே இருக்கும்.

சித்தப்பா: மச்சானை இந்தக் குழுவில் சேர்த்தது யார்? இது பங்காளிகள் குழு.

அத்தை: நான்தான்.

சித்தப்பா: சரி.

நான்: இடது பக்க ஹப் நன்றாக இருக்கிறது என்றால் அந்தச் சக்கரமாவது இழுத்திருக்க வேண்டுமே, மாமா?

மாமா: நல்ல கேள்வி. இழுக்காது. ஒரு பக்கம் கோக்கவில்லை என்றால், இரண்டு சக்கரத்துக்கும் சுற்றைப் பிரித்துவிடும் டிஃபரென்ஷியல் முழுச் சுற்றையும் அந்த இளகிய பக்கத்துக்கே அனுப்பிவிடும். வலது ஆக்ஸில் உள்ளே வெறுமனே சுற்றும், இடது சக்கரம் வேடிக்கை பார்க்கும்.

சித்தப்பா: 1994.

பாண்டி அண்ணன்: ஆரம்பித்துவிட்டீர்களா.

செல்வி: 1994 என்ன?

நான்: உனக்குத் தெரியாது, நீ அப்போது பிறக்கவில்லை. தாத்தாவின் பழைய ஜீப்பில் கையால் திருப்பும் ஹப். ஓடைக் கரைக்கு வந்ததும் தாத்தா வண்டியை நிறுத்தி "இறங்கு, பூட்டு" என்பார். இடது சக்கரம் என்னுடையது, வலது சக்கரம் பாண்டி அண்ணனுடையது. நடுவில் இருக்கும் வட்டைப் பிடித்து, அம்புக்குறி பூட்டு என்ற பக்கம் வரும் வரை திருப்ப வேண்டும். வெயிலில் கை பொசுங்கும். அந்த வருடம் நட்ட நடு மணலில் வண்டி புதைந்துவிட்டது. பின்னால் கிடாய், அதன் பக்கத்தில் அப்பத்தா. தாத்தா இறங்கிப் பார்த்தால் வலது வட்டு பாதியில் நிற்கிறது.

பாண்டி அண்ணன்: நான் முழுதாகத்தான் திருப்பினேன். கிடாய் முட்டியதில் கை தவறியிருக்கலாம்.

சித்தப்பா: கிடாய் வண்டிக்குள் இருந்தது.

பெரியம்மா: பூ யார் வாங்கி வருகிறீர்கள்? சிவராத்திரிக்கு முதல் நாள் மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குப் போனால் மல்லிகை விலை கேட்கவே பயமாக இருக்கும். முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

அத்தை: அந்த ஜீப்பை விற்காமல் வைத்திருந்தால் இன்றைக்கு இந்தப் பாடு இல்லை.

சித்தப்பா: உன் கல்யாணத்துக்குத்தான் விற்றது அக்கா.

அத்தை: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பாண்டி அண்ணன்: விஷயத்துக்கு வருவோம். நகரத்துப் பட்டறை ஒன்றில் கேட்டேன். இதே மின்சார ஹப் புதிதாகக் கிடைக்காது, வண்டி பழையது என்கிறார்கள். கையால் திருப்பும் ஹப் ஜோடி 18,000 ரூபாய் சொல்கிறார்கள். கூலி தனி.

சித்தி: 18,000-க்கு இரண்டு கிடாய் வருமே.

மாமா: மாற்றுவதுதான் சரி. ஓடை மணலுக்கும் சேற்றுக்கும் ஒயர் ஒத்துவராது. கையால் திருப்பும் ஹப் ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு அல்ல. இரண்டாம் உலகப் போரில் மிஞ்சிய ஜீப்புகளில் முன் ஆக்ஸில் எப்போதும் சக்கரத்தோடு சேர்ந்தே சுற்றும், தார்ச்சாலையில் அது வீண் தேய்மானம். அவற்றுக்காக ஆர்தர் வார்ன் என்ற அமெரிக்கர் 1948 வாக்கில் இப்படிப்பட்ட ஹப் செய்து விற்க ஆரம்பித்தார். ஆனால் பாண்டி, மூடியைக் கழற்றி இதை மாட்டிவிட்டால் முடிந்தது என்று நினைக்காதே. முதலில் ஆக்ஸில் முனையில் எத்தனை பல் என்று எண்ணு. ஒரு பல் வித்தியாசம் என்றாலும் ஹப் நுழையாது. இரண்டாவது, மின்சார ஹப்பைக் கழற்றினால் பேரிங் நட்டைப் பிடித்திருக்கும் பூட்டு வாஷரும் சேர்ந்து வந்துவிடும் மாடல்கள் உண்டு. அப்படியானால் வேறு நட்டும் வாஷரும் கேட்டு வாங்கு. நட்டை இறுக்கி, சக்கரத்தைச் சுற்றி, பிறகு கொஞ்சம் தளர்த்து. சக்கரம் ஆடவும் கூடாது, கனக்கவும் கூடாது. மூன்றாவது, வட்டுக்குள் கிரீஸை அப்பிவிடாதே, மெல்லியதாகத் தடவினால் போதும். அப்பினால் திருப்ப முடியாது.

செல்வி: மாமா இதையெல்லாம் குரல் செய்தியாக அனுப்பியிருக்கலாம்.

அத்தை: வேண்டாம். 14 நிமிடம் வரும்.

பாண்டி அண்ணன்: அந்த ஒயரை என்ன செய்வது?

மாமா: முனையை வெட்டி டேப் சுற்றிக் கட்டிவிடு. தொங்கவிட்டால் சக்கரத்தில் சிக்கும். ஹப்பைக் காணோமே என்று விளக்கு மினுக்கினாலும் மினுக்கும், பயப்படாதே. இனிமேல் விளக்கை நம்பாமல் இறங்கிப் பார்க்க வேண்டும், இரண்டு பக்கமும்.

சித்தப்பா: முக்கியமாக வலது பக்கம்.

மாமா: ஊர் திரும்பும்போது ஹப்பைத் திறக்க மறந்தால்கூடப் பரவாயில்லை, முன் ஆக்ஸில் சும்மா சுற்றிக்கொண்டு வரும். ஆனால் நான்கு சக்கர இணைப்பைப் போட்டபடியே உசிலம்பட்டிச் சாலையில் ஏறிவிடாதே. வளைவில் முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுற்ற வேண்டும். தார்ச்சாலை மணல் மாதிரி வழுக்கி விட்டுக்கொடுக்காது, உள்ளே முறுக்கிக்கொள்ளும்.

நான்: பணத்துக்கு ஒரு வழி சொல்லுங்கள். 9 தலைக்கட்டு, குடும்பத்துக்கு 2,000 போட்டால் சரியாக வருகிறது.

சித்தப்பா: தலைக்கட்டு வரி கிடாய்க்கும் பொங்கலுக்கும். சக்கரத்துக்கு அல்ல. வண்டி அண்ணன் தோட்டத்தில் நிற்கிறது, வருடம் முழுக்க உரம் ஏற்றுவது அவர்தான்.

பெரியம்மா: ஏற்றினால் என்ன? உங்கள் வீட்டுத் தேங்காயும் அதில்தானே வந்தது?

சித்தி: 40 தேங்காய்.

பெரியம்மா: 60.

நான்: சித்தி, சண்டை வேண்டாம். அப்பத்தா போக வேண்டும், அண்டா போக வேண்டும். சாமிப் பெட்டி எப்படியும் தலைச்சுமையாக நடந்துதான் போகும்.

செல்வி: என் பங்கு 2,000 அனுப்பிவிட்டேன். என்னைத் தலைக்கட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சித்தப்பா: பெண் பிள்ளைக்குத் தலைக்கட்டு கிடையாது.

செல்வி: அப்படியென்றால் பணத்தைத் திருப்பி அனுப்புங்கள் அப்பா.

சித்தப்பா: அதைப் பிறகு பேசலாம்.

மாமா: சிம்மக்கல் பக்கம் பழைய உதிரிபாகக் கடை ஒன்றில் விசாரிக்கிறேன். பல் எண்ணிக்கை தெரிந்தால் பாதி விலையில்கூட அமையலாம். கழற்ற சனிக்கிழமை நானே வருகிறேன்.

அத்தை: சனிக்கிழமை நமக்குக் காதுகுத்து இருக்கிறது.

மாமா: ஞாயிறு.

இரவு 9.15

பெரியப்பா: இப்போதுதான் பார்த்தேன். கிடாய்க்குச் சொல்லியாகிவிட்டதா?

பாண்டி அண்ணன்: அப்பா, ஹப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

பெரியப்பா: படித்தேன். உரம் ஏற்றுவது பற்றியும் படித்தேன். கிடாய்க்கு யார் சொல்வது?

சித்தப்பா: நான் சொல்கிறேன் அண்ணன்.

மாமா: பாண்டி, பல் எண்ணினாயா?

பாண்டி அண்ணன்: எண்ணினேன் மாமா. ஒரு தடவை 27 வந்தது. பையன் எண்ணினால் 28 வருகிறது. காலையில் ஒரு பல்லில் சுண்ணாம்பு வைத்துவிட்டு அங்கிருந்து எண்ணுகிறேன்.

சித்தப்பா: எந்தப் பக்கம் எண்ணினாய்?

பாண்டி அண்ணன்: வலது.

சித்தப்பா: இடது பக்கத்தைப் பையனை எண்ணச் சொல்.