பிரெய்ல் படிக்கையில் பார்வைப் புறணி உண்மையிலேயே வேலை செய்கிறதா?

சிறப்பாசிரியர்:
பார்வையற்ற மாணவர்களுக்குப் பிரெய்ல் கற்பித்து வருகிறேன். புள்ளிகளைத் தடவிப் படிக்கும்போது மூளையின் பின்பகுதியிலுள்ள பார்வைப் புறணி இயங்குவதாகப் பயிற்சி வகுப்பொன்றில் கூறினார்கள். ஸ்கேனில் ஓர் இடம் இயங்குவது தெரிவதாலேயே அந்த இடந்தான் படிக்கிறது என்று சொல்லிவிட முடியுமா? பிறவியிலேயே பார்வையில்லாத மாணவிக்கும், 16 வயதில் பார்வையை இழந்து இப்போது என்னிடம் வந்திருக்கும் மாணவனுக்கும் இதில் வேறுபாடு உண்டா?

நரம்பியல் மாணவி:
உங்கள் ஐயம் நியாயமானதே, ஐயா. 1996இல் நோரிஹிரோ சடாட்டோ குழுவினர், மூளையில் இயங்கும் இடங்களைக் காட்டும் பெட் ஸ்கேன் வழியாக இதைக் காட்டியபோதும் அந்தக் கேள்வி எஞ்சியே நின்றது. மறு ஆண்டே லியோனார்டோ கோஹனும் உடன் ஆய்வாளர்களும், சிறு வயதிலேயே பார்வை இழந்தவர்கள் படித்துக்கொண்டிருக்கையில் பார்வைப் புறணி அமைந்துள்ள பிடரிப் பகுதியின்மேல் காந்தத் துடிப்புகளைச் செலுத்தி அதன் வேலையைச் சற்று நேரம் குலைத்துப் பார்த்தார்கள். பிழைகள் மிகுந்தன, இல்லாத புள்ளிகள் விரலில் தட்டுப்படுவதாகவும் இருந்த புள்ளிகள் மறைந்துபோவதாகவும்கூடச் சிலர் கூறினர். பார்வையுள்ளவர்கள் எழுத்துகளைத் தொட்டறியும்போது அதே இடத்தில் துடிப்பைச் செலுத்தியும் இந்தத் தடுமாற்றம் நேரவில்லை.

இன்னும் அழுத்தமான சான்று 2000இல் வெளியானது. பிறவியிலேயே பார்வையற்றவரும் பிரெய்லில் தேர்ந்தவருமான, 60 வயதைக் கடந்த ஒரு பெண்மணிக்கு மூளையின் பின்பகுதியிலுள்ள இருபுறப் பிடரி மடல்களும் பக்கவாதத்தால் சேதமடைந்தன. அதன் பிறகும் சாவிக்கொத்தில் வீட்டுச் சாவியைத் தடவியே அவரால் அடையாளம் காண முடிந்தது. தாளில் புள்ளிகள் இருப்பதும் விரலுக்குத் தெரிந்தது. ஆனால் அவற்றை எழுத்தாகப் படிக்க இயலவில்லை.

திரைவாசிப்பான் பயனர்:
நான் பிறவியிலேயே பார்வையற்றவன். இதை வைத்து, நாங்கள் விரலால் பார்க்கிறோம் என்று சிலர் எழுதுவதை என்னால் ஏற்க இயலவில்லை. வலக்கைச் சுட்டுவிரல் வரியின் முடிவை நெருங்கும்போதே இடக்கை விரல் அடுத்த வரியின் தொடக்கத்திற்குச் சென்று காத்திருக்கும். அந்த ஓட்டத்தில் புள்ளிகளை நான் எண்ணுவதில்லை, சொல்தான் மனத்தில் பதிகிறது. அங்கே நடப்பது பார்வைக்கு ஈடான ஒன்றா, மொழியா?

நரம்பியல் மாணவி:
மொழியின் பக்கமே சான்றுகள் சாய்கின்றன என்பது என் கருத்து. பிறவியிலேயே பார்வையற்றவர்கள் பேச்சைக் கேட்டுப் பொருள்கொள்ளும்போதும் பார்வைப் புறணி இயங்குவதை மரினா பெட்னி குழுவினர் 2011இல் காட்டினார்கள். அதே ஆண்டு வந்த மற்றோர் ஆய்வில், பார்வையுள்ளவர்கள் அச்செழுத்தைப் படிக்கையில் இயங்கும் சொல்வடிவப் பகுதி, கண்ணால் எதையுமே கண்டிராதவர்கள் பிரெய்ல் படிக்கும்போதும் இயங்கியது.

ஆசிரியரின் மாணவனைப் பொறுத்தவரை: 14 வயதுக்குப் பின் பார்வை இழந்தவர்களிடம் காந்தத் துடிப்பு வாசிப்பைக் குலைக்கவில்லை என்று 1999இல் கோஹன் குழுவினர் கண்டனர். இனிக் கற்க இயலாது என்று இதற்குப் பொருளல்ல. அந்த ஆய்வில் பங்கேற்றவர்களும் பிரெய்ல் படித்தவர்களே, பிடரிப் பகுதியை அந்த அளவுக்குச் சார்ந்திராமல். பெரியவர்களின் மூளையும் இறுகிப்போனதல்ல. பார்வையுள்ளவர்களின் கண்களை 5 நாள் முழுவதுமாகக் கட்டிப் பிரெய்ல் கற்பித்தபோது தொடுகைக்குப் பார்வைப் புறணி இயங்கத் தொடங்கியது. கட்டை அவிழ்த்த 24 மணி நேரத்தில் அது மறைந்தது. புதிய இணைப்புகள் அவ்வளவு விரைவில் வளர்வது அரிது என்பதால், ஏற்கெனவே இருந்த பாதைகளே திறந்துகொண்டிருக்க வேண்டும் என்கிறார்கள்.

திரைவாசிப்பான் பயனர்:
ஆசிரியர் ஐயா, அந்தத் தம்பியைத் தொடக்கத்திலிருந்தே இரு கைகளாலும் படிக்கப் பழக்குங்கள். ஒரே விரலால் புள்ளிகளை எண்ணிப் படிக்கும் வழக்கம் ஒட்டிக்கொண்டால் பின்னர் அதை மாற்றுவது பெரும்பாடு.