காரணி கேட்டால் மடங்கு எழுதுகிறார்கள்: தரம் 6 பிள்ளைகளுக்கு எப்படிப் புரியவைப்பது?

வலிகாமத்து ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். இந்த ஆண்டு தரம் 6 இற்குக் கணிதம் படிப்பிக்கிறேன். "18 இன் காரணிகளை எழுதுக" என்று கொடுத்தால் வகுப்பில் பாதிப்பேர் 18, 36, 54 என்று எழுதுகிறார்கள். மடங்குகளைக் கேட்டால் 1, 2, 3, 6 வருகிறது. அதிலும் 9 விடுபட்டுவிடுகிறது. வாய்பாடு தெரியாத பிள்ளைகள் அல்லர். வரைவிலக்கணத்தையும் பிழையில்லாமல் ஒப்புவிக்கிறார்கள். கொப்பியில் எழுதும்போதுதான் குழப்பம் வருகிறது. பாடத்திட்டத்தின்படி அடுத்த அலகுக்குப் போயிருக்க வேண்டும், ஆனால் இதை இப்படியே விட மனம் வரவில்லை. பின்னங்களைச் சுருக்குவதும் பொதுக் காரணிகளுட் பெரியது (பொ.கா.பெ.), பொது மடங்குகளுட் சிறியது (பொ.ம.சி.) காண்பதும் இதன்மேல்தானே நிற்கின்றன. அனுபவமுள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

கோப்பாய் ஓய்வுநிலை ஆசிரியர்:

பிள்ளை, வரைவிலக்கணத்தைக் கொஞ்ச நாள் மூடி வையுங்கள். ஒரு பை நிறையப் புளியங்கொட்டை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போங்கள். ஆளுக்கு 18 கொட்டைகள். வெங்காயப் பாத்தியில் வரிசை பிடிப்பதுபோல் அடுக்கச் சொல்லுங்கள். வலிகாமத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே தேவையில்லை. எல்லா வரிசையிலும் ஒரே எண்ணிக்கை இருக்க வேண்டும், ஒன்றுகூட மிஞ்சக் கூடாது.

ஒரு வரிசையில் 18 வரும். இரண்டு வரிசை என்றால் ஒன்பது ஒன்பதாக, மூன்று வரிசை என்றால் ஆறு ஆறாக நிற்கும். நான்கு வரிசை வைக்கப் பார்க்கும் பிள்ளையின் கையில் இரண்டு கொட்டைகள் மிஞ்சும். அந்த நேரத்தில் "4 ஏன் 18 இன் காரணி அல்ல?" என்று கேளுங்கள். விடை அதன் கையிலேயே இருக்கும். காரணிகள் சோடி சோடியாக வருகின்றன என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். 2 ஐ எழுதிய பிள்ளை அதன் சோடியான 9 ஐ விடாது.

எங்கே நிறுத்துவது என்பதையும் கட்டாயம் காட்டுங்கள்; இதைப் பலர் சொல்லாமல் விடுகிறார்கள். 48 ஐ எடுங்கள்: 1×48, 2×24, 3×16, 4×12, 6×8. 5 உம் 7 உம் சரிவராது. அடுத்தது 8, அது ஏற்கனவே 6 இன் சோடியாக வந்துவிட்டது. அதோடு தேடல் முடிந்தது, மொத்தம் பத்துக் காரணிகள். 36 இல் 6 தனக்குத் தானே சோடி. அதனால் காரணிகள் ஒன்பதுதான். சதுர எண்களுக்கு மட்டும் காரணிகளின் எண்ணிக்கை ஒற்றையாக வரும். இதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும், முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்.

மடங்குக்கு வேறு வேலை கொடுங்கள். ஆறு கொட்டையில் ஒரு வரிசை, அதன்கீழ் இன்னொரு வரிசை, இன்னொன்று: 6, 12, 18, 24. கொட்டை தீர்ந்தாலும் எண் தீராது. காரணிகளுக்கு முடிவு உண்டு, அவை அந்த எண்ணைத் தாண்டமாட்டா. மடங்குகள் அந்த எண்ணிலிருந்து தொடங்கி முடிவில்லாமல் போகும்.

ஒரே அடுக்கைக் காட்டி எப்போதும் இரண்டு வசனமும் சொல்ல வையுங்கள்: "6 ஆனது 18 இன் காரணி. 18 ஆனது 6 இன் மடங்கு." ஒன்றை மட்டும் சொல்லி நிறுத்த விடாதீர்கள். இரண்டும் ஒரே உறவு, பார்க்கும் பக்கம்தான் வேறு. அதைத் தனித்தனிப் பாடமாகப் பிரித்துக் கற்பிப்பதால்தான் இந்தக் குழப்பம் என்பது என் உறுதியான எண்ணம்.

பருத்தித்துறை கணிதம்:

சேர் சொல்வது சரி. ஆனால் நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் கொட்டை பொறுக்கி முடிக்கவே பாடவேளை போய்விடும். சதுரக் கோடிட்ட தாளில் பெட்டிகளுக்கு நிறம் தீட்டினாலும் இதே பலன் கிடைக்கும். அடுத்த நாள் 1 முதல் 100 வரை எழுதிய கட்டம் ஒன்று கொடுங்கள். 1 ஐ முதலிலேயே நீக்கிவிட்டு, 2, 3, 5, 7 ஆகியவற்றை விட்டு அவற்றின் மற்ற மடங்குகளை வெட்டச் சொல்லுங்கள். வெட்டுப்படாமல் 25 எண்கள் மிஞ்சும், அவை முதன்மை எண்கள்; 1 ஐயும் தம்மையும் தவிர அவற்றுக்கு வேறு காரணி இல்லை. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க அறிஞர் எரட்டொஸ்தனிசின் பெயரால் அறியப்படும் முறை இது. 51, 57, 91 மூன்றையும் பிள்ளைகள் முதன்மை எண் என்றே நினைப்பார்கள். 91 ஆனது 7×13 என்று கட்டத்தில் தாங்களே வெட்டியபின் மறக்கமாட்டார்கள்.

சாவகச்சேரி அம்மா:

என் மகனும் தரம் 6 தான். இலக்கங்களைக் கூட்டி 3 இன் மடங்கா என்று பார்க்கிறான். ஏன் அப்படி என்று கேட்டால் "அதுதான் விதி" என்கிறான். எனக்கும் சொல்லத் தெரியவில்லை. சேர், விளக்குவீர்களா?

கோப்பாய் ஓய்வுநிலை ஆசிரியர்:

மிக நல்ல கேள்வி, அம்மா. 342 ஐ எடுங்கள். மூன்று நூறுகள், நான்கு பத்துகள், இரண்டு ஒன்றுகள். ஒவ்வொரு நூறிலும் 99 ஐ ஒதுக்கினால் 1 மிஞ்சும். ஒவ்வொரு பத்திலும் 9 ஐ ஒதுக்கினால் 1 மிஞ்சும். ஒதுக்கியவை எல்லாம் 3 இன் மடங்குகள், அவற்றைப் பற்றிக் கவலை இல்லை. மிஞ்சியவை 3+4+2, அதாவது 9. அது 3 ஆல் மீதியின்றி வகுபடுவதால் 342 உம் வகுபடும். 99 உம் 9 உம் 9 இன் மடங்குகளும் ஆவதால் 9 இற்கும் இதே வழிதான். மகனிடம் 4 இற்கு ஏன் கடைசி இரண்டு இலக்கங்களை மட்டும் பார்க்கிறோம் என்று கேளுங்கள். 100 = 4×25 என்பதை மட்டும் எடுத்துக் கொடுங்கள், மீதியை அவனே சொல்வான்.

வலிகாமத்து ஆசிரியை:

மிக்க நன்றி சேர். நால்வர் கொண்ட குழுக்களாகப் பிரித்துக் கொட்டை கொடுத்தால் நேரமும் போதும் என்று நினைக்கிறேன். 18 இலேயே தொடங்கட்டுமா?

கோப்பாய் ஓய்வுநிலை ஆசிரியர்:

12 இல் தொடங்குங்கள், பிள்ளை. அது முடிந்ததும் ஒவ்வொரு குழுவுக்கும் இன்னும் ஒரேயொரு கொட்டை கொடுத்து 13 ஐ அடுக்கச் சொல்லுங்கள். ஒரு வரிசைக்கு மேல் ஏன் வரவில்லை என்று அவர்களே கேட்பார்கள். முதன்மை எண் என்ற பெயரை அப்போது சொல்லுங்கள், அதற்கு முன் வேண்டாம்.