கமோடு அடியைச் சுற்றி அடைக்கலாமா, வேண்டாமா?

கேள்வி:
வெஸ்டர்ன் கமோடைச் சுற்றித் தரையில் பூசியிருந்த ஒயிட் சிமெண்ட் விரிசல் விட்டுப் பெயர்ந்து வருகிறது. பிளம்பர் திரும்பவும் அதையே பூசலாம் என்கிறார், பக்கத்து வீட்டு அண்ணனோ அடைத்தால் உள்ளே கசிவது தெரியாது, அப்படியே விடு என்கிறார். முதல் மாடி, கீழே ஆள் குடியிருக்கிறார்கள். என்ன செய்வது?

பதில் 1:
அடைத்துவிடுங்கள் சார். நம் பாத்ரூமில் குளிக்கிற தண்ணீர், கழுவுகிற தண்ணீர் எல்லாம் தரை முழுக்க ஓடும், அந்த இடுக்கில் புகுந்து தேங்கினால் நாற்றமும் கரப்பானும்தான். ஆனால் சிமெண்ட் வேண்டாம். எங்கள் வீட்டில் கமோடைக் கழற்ற உளி வைத்துத் தட்டியபோது பீங்கானே விண்டுபோனது. பூஞ்சை பிடிக்காத சானிட்டரி சிலிக்கான் (இடுக்கை அடைக்கும், காய்ந்தால் ரப்பர் மாதிரி ஆகும் பசை) வாங்குங்கள், பிளேடால் அறுத்து எடுத்துவிடலாம்.

பதில் 2:
அண்ணன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கழிவுக் குழாய் சுவருக்குள் போகிற மாடல் என்றால் இணைப்பு வெளியே தெரியும், சுற்றிலும் அடைக்கலாம். தரைக்குள் இறங்குகிற மாடல் என்றால் பின்பக்கம் 2 அங்குலம் அடைக்காமல் விடுங்கள், கசிந்தால் அங்கே ஈரம் காட்டும். முதலில் கமோடு ஆடுகிறதா என்று பாருங்கள், ஆடினால் போல்ட்டைச் சரிசெய்யாமல் எதைப் பூசியும் பயனில்லை. பழைய சிமெண்டைச் சுரண்டி, நன்றாகக் காயவிட்டு, அப்புறம் சிலிக்கான். 24 மணி நேரம் தண்ணீர் படக் கூடாது.

கேட்டவர்:
தரைக்குள் இறங்குகிற மாடல்தான், லேசாக ஆடவும் செய்கிறது. முதலில் போல்ட்டைப் பார்க்கச் சொல்கிறேன். நன்றி.