கூரைநீர் அரித்த பள்ளத்துக்கு ஒரு சொல் வேண்டும்

திருகோணமலை, ஆசிரியை:
வணக்கம். உயர்தர நாடகமும் அரங்கியலும் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. லண்டனில் 1587இல் கட்டப்பட்ட ரோஸ் அரங்கின் மரக்கட்டுமானம் அழிந்துவிட்டது. 1989இல் அகழ்ந்தபோது அடித்தளத்தோடு முற்றத் தரையில் ஒரு நீண்ட பள்ளமும் தெரிந்தது. வேய்ந்த கூரைக்கு மழைநீரை ஏந்தி வடிக்கும் பீலி இல்லை. வடிந்த மழைநீர் ஒரே இடத்தில் விழுந்து அரித்திருக்கிறது. கூரை விளிம்பு எதுவரை நீண்டிருந்தது என்பதைக் காட்டிக்கொடுப்பது இந்தப் பள்ளம்தான். இதற்கு என்ன பெயர் வைக்கலாம்?

உப்புவெளி:
இறைச்சால். புறநானூறு 129 'குறியிறைக் குரம்பை' என்றே தொடங்குகிறது. இறை என்றால் கூரையின் தாழ்ந்த விளிம்பு. இறங்கு, இறக்கம், இறப்பு எல்லாம் ஒரே வேர். அகராதியில் இறப்புக்கும் கூரைச் சாய்வு என்ற பொருள் உண்டு.

மூதூர்:
ஐயா, இறை என்றால் பிள்ளைகள் கடவுள் என்பார்கள். வணிகப் பிரிவுப் பிள்ளைகள் இறைவரி என்பார்கள். தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை இறைப்புக்கு வெட்டிய வாய்க்கால் என்று எழுதிவிட்டு வரும். 'கூரைநீர்ப் பள்ளம்' போதாதா?

உப்புவெளி:
தார் பெயர்ந்த வீதியிலும் பள்ளம்தான். அது கலைச்சொல்லா?

கிண்ணியா:
'இறப்புத் தடம்' என்று யாராவது எழுதினால் பொலிஸ் வந்துவிடும். கிடுகு வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதன்று; மாரியில் இறவாரத்தின், அதாவது கூரை விளிம்பின், கீழ் மணலில் வரிசையாகக் குழி விழும். இறவாரம் வழக்கிலும் இருக்கிறது, ஐயாவின் இறையும் அதற்குள் இருக்கிறது. 'இறவாரச் சால்' என் தெரிவு.

நிலாவெளி:
'வேய்நீர்த் தடம்' என்று எழுத வந்தேன், நானே கைவிடுகிறேன். லண்டனின் இன்னொரு அரங்கான குளோப்பின் வேய்ந்த கூரை 1613இல் எரிந்தது. திரும்பக் கட்டியபோது ஓடு போட்டார்கள். சொல் ஓட்டுக் கூரைக்கும் பொருந்த வேண்டும். சாலிலும் எனக்குத் தயக்கம். சால் ஏர் கீறுவது. ஆள் வெட்டிய குழியையும் நீர் அரித்த குழியையும் பிரித்தறிவதுதான் அகழ்வாய்வில் பாதி வேலை. 'இறவார அரிப்பு' எனலாம்.

உப்புவெளி:
இறைவாரம் என்பதே திருத்தமான வடிவம். வாரம் என்பது சாய்வு, தாழ்வாரத்தைப் பாருங்கள். மலைச்சாரலையும் வாரம் என்பார்கள்...

மூதூர்:
ஐயா, வெள்ளிக்கிழமை!

ஆசிரியை:
அனைவருக்கும் நன்றி. சாலுக்கு ஆதரவு சற்றுக் கூடுதல்தான். ஆனாலும் நிலாவெளியின் காரணம் வகுப்பில் விளக்கச் சுலபம் என்பதால் 'இறவார அரிப்பு' என்றே அனுப்பிவிட்டேன்.

உப்புவெளி:
சரி, அம்மா. அரிப்புக்கு எந்தக் களிம்பு பூசுவது என்று வகுப்பில் யாராவது கேட்டால் எனக்கு எழுதுங்கள். இறைச்சாலை நான் திரும்பப் பெறவில்லை.