கைமாறி வாங்கிய வள்ளத்தில் புது ஜிபிஎஸ்: அப்பாவின் பாயிண்ட் எல்லாம் தள்ளிக் காட்டுகிறது, உதவி தேவை

புதுவள்ளம்:
எல்லோருக்கும் வணக்கம். தூத்துக்குடி பக்கம் எங்களுக்கு. போன மாதம் 32 அடி ஃபைபர் வள்ளம் ஒன்றைக் கைமாறி வாங்கினோம். இன்போர்டு டீசல் எஞ்சின், செல்ஃப் ஸ்டார்ட். பழைய ஓனர் கருவிகளையெல்லாம் கழற்றிக்கொண்டு ஸ்குரூ துளைகளை மட்டும் விட்டுவைத்தார். அதனால் ஜிபிஎஸ்ஸும் எக்கோவும் (ஆழம் காட்டும் கருவி) சேர்ந்த பிளாட்டர், அதாவது கடல் வரைபடத்தில் இடம் காட்டும் திரை ஒன்று புதிதாக வாங்கி நானே மாட்டினேன். விஎச்எஃப் ரேடியோ மட்டும் உடைப்புக்குப் போன ஒரு விசைப்படகிலிருந்து எடுத்தது.

மூன்று தொல்லைகள். பெரியதை முதலில் சொல்கிறேன். அப்பாவிடம் இருபது வருட நோட்டு இருக்கிறது. அவருடைய பழைய ஜிபிஎஸ்ஸில் பிடித்த பார்களின் (மீன் கூடும் கடலடிப் பாறைத் திட்டுகள்) பாயிண்ட், அதாவது இடத்தைக் குறிக்கும் எண்கள் எல்லாம் அதில் எழுதியிருக்கிறார். அவற்றைப் புதுக் கருவியில் ஏற்றிக்கொண்டு போனால், பாயிண்ட் வந்துவிட்டது என்று கருவி கத்துகிறது, கீழே பார் இல்லை, வெறும் சேறு. அப்பா கோபுரத்தையும் லைட் ஹவுஸையும் கண்ணால் அடையாளம் வைத்துப் பாரைக் கண்டுபிடித்து, 'இங்கே இருக்கு பாரு' என்று சிரிக்கிறார். ஆழமும் ஒத்துவரவில்லை. நோட்டில் 11 என்று இருக்கிற இடத்தில் எக்கோ 66 காட்டுகிறது.

இரண்டாவது, செல்ஃப் போட்டால் பிளாட்டர் அணைந்து மறுபடி எரிகிறது. விஎச்எஃப்பில் பேசப் பட்டனை அழுத்தினாலும் சில நேரம் அப்படித்தான்.

மூன்றாவது, எஞ்சின் ஓடும்போது எக்கோ திரை முழுக்கக் கோடு கோடாக வருகிறது. கருவியே கோளாறா? திருப்பிக் கொடுத்துவிடலாமா?

கரைக்காற்று:
திருப்பிக் கொடுக்க அவசரப்பட வேண்டாம் தம்பி. இது டேட்டம், அதாவது இடத்தைக் கணக்கிட எடுக்கும் அடிப்படை அளவின் பிரச்சினையாக இருக்கலாம். ஜிபிஎஸ் கணக்கு டபிள்யூஜிஎஸ்84 என்ற அளவில் ஓடுகிறது. பழைய செட்டில் யாராவது இந்தியன் டேட்டம், அதாவது எவரெஸ்ட் கணக்கை வைத்திருந்தால் சில நூறு மீட்டர் தள்ளும். செட்டிங்கில் போய்ப் பாருங்கள்.

ஒயர்மேன்:
டேட்டம் என்றால் எல்லாப் பாயிண்டும் ஒரே திசையில், ஏறக்குறைய ஒரே தூரம் தள்ளிப் போக வேண்டும். உங்களுக்கு அப்படியா? பார் மேல் நின்று புதிதாக ஒரு பாயிண்ட் போட்டு, நீங்கள் ஏற்றியதற்கும் அதற்கும் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். ஒன்று போதாது, மூன்று நான்கு இடத்தில் பார்த்துவிட்டு எழுதுங்கள். நோட்டில் இருக்கிற வரியையும் அப்படியே போடுங்கள்.

புதுவள்ளம்:
இன்று பார்த்துவிட்டு வந்தேன் அண்ணே. நோட்டு வரி இப்படி இருக்கும்: 8 41 350, 78 24 120. (எண்களைக் கொஞ்சம் மாற்றித்தான் எழுதுகிறேன். உண்மையானதைப் போட்டால் அப்பா வீட்டுக்குள் விடமாட்டார்.) இதில் சுமார் 450 மீட்டர் வித்தியாசம். 8 38 050, 78 26 040 என்ற இன்னொன்றில் வெறும் 80 மீட்டர்தான். ஆனால் எல்லாமே பாருக்கு வடகிழக்கே போய் நிற்கின்றன, ஒன்றுகூட தெற்கே போகவில்லை. 750 என்று முடிகிற ஒன்றைக் கருவி வாங்கவே மாட்டேன் என்கிறது. அப்பா தப்பாக எழுதிவிட்டார் என்று நினைத்து அதை விட்டுவிட்டேன்.

ஒயர்மேன்:
அப்பா சரியாகத்தான் எழுதியிருக்கிறார். கருவி கேட்கிற விதம் வேறு, அவ்வளவுதான்.

நோட்டில் இருப்பது டிகிரி, மினிட், அப்புறம் மினிட்டின் தசமம். அதாவது 8 டிகிரி 41.350 மினிட். பழைய செட்டுகளில் பெரும்பாலும் இப்படித்தான் வரும். உங்கள் புதுக் கருவி டிகிரி, மினிட், செகண்ட் கணக்கில் இருக்கிறது. அதில் நீங்கள் 350ஐ 35.0 செகண்ட் என்று ஏற்றியிருப்பீர்கள். 35 செகண்ட் என்பது 0.583 மினிட். 41.350 இருக்க வேண்டிய இடத்தில் 41.583 போய்விட்டது. அகலாங்கில் ஒரு மினிட் ஒரு நாட்டிகல் மைல், 1852 மீட்டர். 0.233 மினிட்டுக்குக் கணக்குப் போட்டால் வடக்கே 430 மீட்டர் வரும். கிழக்கே 120க்கு ஒரு 150 மீட்டர். இரண்டையும் சேர்த்தால் நீங்கள் சொன்ன 450 வந்துவிடுகிறது.

கடைசி எண் சிறியதாக இருந்தால் தவறும் சிறியது, அதனால்தான் 050, 040 பாயிண்டில் 80 மீட்டரோடு தப்பித்தீர்கள். தவறு எப்போதும் கூட்டித்தான் காட்டும், குறைத்துக் காட்டாது. அதனால் எல்லாம் வடகிழக்கு. 750ஐ வாங்காததற்கும் இதுதான் காரணம். 75 செகண்ட் என்று ஒன்று கிடையாதே.

செட்டிங்கில் பொசிஷன் ஃபார்மேட் என்று இருக்கும். மினிட்டில் மூன்று தசமம் வருகிற வகைக்கு மாற்றுங்கள். ஒன்று கவனம்: மாற்றியவுடன் பழைய பாயிண்ட் தானாகச் சரியாகிவிடாது. தவறாக ஏற்றியதைத்தான் புது வடிவத்தில் காட்டும். எல்லாவற்றையும் அழித்துவிட்டு நோட்டைப் பார்த்து மறுபடி ஏற்ற வேண்டும். வேலைதான், வேறு வழியில்லை.

கரைக்காற்று:
அப்போ என் டேட்டம் அவுட். சரி, ஆழத்துக்கு நான் சொல்கிறேன். நோட்டில் 11 என்பது பாகம். ஒரு பாகம் ஆறு அடி, 66 அடி வந்துவிட்டது பாருங்கள். எக்கோவை பாகத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள், அப்பாவோடு சண்டை இருக்காது.

பாம்பன்காரன்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். மீன் போனால் போகட்டும், இதே தவறு எல்லைக்கோட்டில் நடந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். 1974, 1976 ஒப்பந்தங்களில் இந்திய-இலங்கைக் கடல் எல்லையின் பாயிண்டுகள் மினிட்டின் தசமத்தில்தான் இருக்கின்றன. எங்கள் பக்கம் 1974 கோட்டில் ஒன்று 9 டிகிரி 40.15 மினிட், 79 டிகிரி 22.60 மினிட். இதை 40 மினிட் 15 செகண்ட் என்று ஏற்றினால் கோடு 185 மீட்டர் வடக்கே போய்விடும். 22க்கு அப்புறம் 60ஐக் கருவி வாங்காது. அங்கே ஒருவர் 59 போட்டுச் சமாளித்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன், வாயடைத்துப் போனேன். உங்கள் பக்கம் கோடு தூரம்தான், இருந்தாலும் யாராவது ஏற்றிக் கொடுத்த கோட்டை நம்பாமல் நீங்களே ஒரு முறை சரிபாருங்கள். அலாரத்தைக் கோட்டிலேயே வைக்காமல் இரண்டு மைல் முன்னால் வையுங்கள். நீவாடு (நீரோட்டம்) இழுக்கிற ராத்திரியில் வலையோடு திரும்ப நேரம் வேண்டும்.

ஒயர்மேன்:
நல்ல பாயிண்ட். அந்த 59 போட்டவர் இன்னும் கடலுக்குப் போகிறாரா?

இப்போது கரண்ட் விஷயம். பிளாட்டருக்கு ஒயர் எங்கிருந்து வருகிறது, எவ்வளவு நீளம், எந்த ஒயர்? மல்டிமீட்டரைப் பேட்டரியில் வைத்துப் பார்க்காதீர்கள், கருவியின் முனையில் வைத்து செல்ஃப் போடச் சொல்லிப் பாருங்கள்.

புதுவள்ளம்:
பேட்டரியில் 12.6. கருவி முனையில் சும்மா இருக்கும்போது 12.3, விஎச்எஃப்பில் பேசினால் 11.2, செல்ஃப் போடும்போது 8.9க்கு விழுகிறது. ஒரே பேட்டரிதான். ஒயர் வீட்டு ஒயரிங்கில் மிஞ்சியது, 1.5 ஸ்கொயர் எம்எம், சுமார் ஏழு மீட்டர். நெகட்டிவை எஞ்சின் பாடியில் ஒரு போல்ட்டில் கட்டியிருக்கிறேன்.

ஒயர்மேன்:
அந்த போல்ட்டை இப்போதே அவிழ்த்துப் பாருங்கள், பச்சையும் துருவும் இருக்கும். நெகட்டிவையும் தனி ஒயராகப் பேட்டரிக்கே கொண்டுபோக வேண்டும்.

25 வாட்டில் பேசும்போது விஎச்எஃப் ஐந்து, ஆறு ஆம்பியர் இழுக்கும். ஏழு மீட்டர் போக, ஏழு மீட்டர் வர, 1.5 ஒயரில் கிட்டத்தட்ட 0.9 வோல்ட் வழியிலேயே போய்விடும். 6 ஸ்கொயர் எம்எம் போட்டால் அது கால் வோல்ட்டுக்குள் அடங்கிவிடும். வீட்டுச் செம்பு ஒயர் உப்புக்காற்றில் சீக்கிரம் கறுத்துவிடும், ஈயம் பூசிய மெரைன் ஒயர் கிடைத்தால் அதையே வாங்குங்கள். ஃபியூஸ் பேட்டரி பக்கத்திலேயே இருக்கட்டும். கருவிப் பக்கம் வைத்தால் நடுவில் ஒயர் உரசித் தீப்பிடித்தால் அந்த ஃபியூஸ் பார்த்துக்கொண்டுதான் இருக்கும்.

செல்ஃபுக்கு ஒயர் மாற்றினால் போதாது, அது பேட்டரியையே இழுத்துவிடுகிறது. கருவிகளுக்குச் சின்னதாகத் தனி பேட்டரி ஒன்று வையுங்கள். அதுவரை எஞ்சினைப் போட்ட பிறகு பிளாட்டரைப் போடுங்கள்.

கரைக்காற்று:
எக்கோ கோடு பற்றி: எஞ்சினை நிறுத்தினால் கோடு போகிறதா? எஞ்சின் நின்று வள்ளம் சும்மா மிதந்தாலும் கோடு வந்தால் அது வேறு கதை. டிரான்ஸ்டியூசர் (தண்ணீருக்குள் ஒலி அனுப்பி வாங்கும் எக்கோவின் பாகம்) கேபிள் மிச்சமிருந்தால் வெட்டாதீர்கள். அதைச் சுருட்டி ஆல்டர்னேட்டர் ஒயருக்கு எட்டத்தில் கட்டுங்கள். டிரான்ஸ்டியூசரை எங்கே வைத்தீர்கள்?

புதுவள்ளம்:
எஞ்சினை நிறுத்தினால் சுத்தமாக இருக்கிறது. கேபிளை ஆல்டர்னேட்டர் ஒயரோடு சேர்த்து டை போட்டுக் கட்டியிருந்தேன், அழகாக இருக்கட்டும் என்று. டிரான்ஸ்டியூசர் பின்பக்கம், புரொப்பல்லருக்குச் சற்று முன்னால்.

கரைக்காற்று:
அழகுதான் கெடுத்தது. டிரான்ஸ்டியூசரைக் கொஞ்சம் முன்னே, குமிழி வராத இடத்துக்கு மாற்றுங்கள். அதன் முகத்துக்கு அடியில் காற்று போனால் எந்தக் கருவியும் தரையைக் காட்டாது.

பாம்பன்காரன்:
விஎச்எஃப் வேறு படகிலிருந்து எடுத்தது என்றீர்களே, அதில் பழைய படகின் எம்எம்எஸ்ஐ எண் இருக்கும். ஒன்பது இலக்கம், நம் நாட்டுக்கு 419இல் தொடங்கும். ஆபத்தில் சிவப்பு பட்டனை அழுத்தினால் உடைப்புக்குப் போன அந்தப் படகின் அடையாளம்தான் போகும், தேடுபவர்கள் வேறு படகைத் தேடுவார்கள். பல செட்டுகளில் இதை நாமே மாற்ற முடியாது, டீலரிடம் கொண்டுபோக வேண்டும். அதுவரை 16ஆம் சேனலில் வாயால் கூப்பிடுங்கள். இன்னொன்று, அந்த செட்டின் ஸ்பீக்கரில் காந்தம் இருக்கிறது, திசைகாட்டிக்குப் பக்கத்தில் மாட்டிவிடாதீர்கள்.

புதுவள்ளம்:
நான்கு நாள் கழித்து எழுதுகிறேன். ஃபார்மேட் மாற்றி 63 பாயிண்டையும் மறுபடி ஏற்றினேன். அப்பா வாசிக்க, நான் தட்டினேன். நேற்று முதல் பாரிலேயே எக்கோ 11 பாகத்தில் எழும்பியது. போல்ட் நீங்கள் சொன்னபடியே பச்சை. 6 எம்எம் ஒயர் போட்டதில் பேசும்போது 12.2க்குக் கீழே போகவில்லை. கேபிளைப் பிரித்தவுடன் முக்கால்வாசிக் கோடு போய்விட்டது, டிரான்ஸ்டியூசரை வள்ளத்தைக் கரையேற்றும்போதுதான் நகர்த்த வேண்டும். செட் டீலரிடம் இருக்கிறது. திசைகாட்டி அரை அடி தூரத்தில்தான் இருந்தது, அதையும் நகர்த்திவிட்டேன்.

கரைக்காற்று:
சந்தோஷம் தம்பி. கருவி வாங்காமல் அடம்பிடித்த அந்த 750 பாயிண்ட் எப்படி? இங்கே போடலாமே.

புதுவள்ளம்:
அண்ணே, இங்கே டவர் சரியாகக் கிடைக்கவில்லை.