வலப்பக்கம் ஓட்டும் நாட்டில் முதல் வாரம்: எங்கே தடுமாறும்?

கேள்வி

வணக்கம். இதுவரை சாலையின் இடப்பக்கமாக, வலப்பக்க ஸ்டியரிங் வண்டியில்தான் பழக்கம். அடுத்த மாதம் வேலை மாற்றலாகி, வலப்பக்கம் ஓட்டும் நாட்டுக்குப் போகிறேன். "ரெண்டு நாள்ல பழகிடும்" என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். அந்த ரெண்டு நாளில் எங்கே தவறு நடக்கும், ஏன் நடக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கியர் வண்டி எடுப்பதா, ஆட்டோமேட்டிக்கா? லைசென்ஸ் விஷயமும் குழப்பமாக இருக்கிறது.

பதில் 1

நெரிசலில் பயமில்லை. முன்னால் போகிற வண்டியே வழிகாட்டிவிடும். சாலை காலியாக இருக்கும்போதுதான் பழைய பழக்கம் தலைதூக்கும்: அதிகாலையில் பெட்ரோல் பங்கிலிருந்து வெளியே வரும்போது, பார்க்கிங்கிலிருந்து திரும்பும்போது, ஒருவழிச் சாலை முடிந்து இருவழி தொடங்கும் இடத்தில்.

இருவழிச் சாலையில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். ஓட்டுபவர் உட்காரும் பக்கம்தான் நடுக்கோட்டின் பக்கம். நீங்கள் சாலை ஓரத்திலும் பக்கத்து இருக்கை நடுவிலும் இருந்தால், தப்பான பக்கம் ஏறிவிட்டீர்கள். அமெரிக்கா, கனடாவில் கோட்டின் நிறமே சொல்லிவிடும்: எதிர்த்திசையைப் பிரிப்பது மஞ்சள், ஒரே திசை லேன்களைப் பிரிப்பது வெள்ளை. மஞ்சள் கோடு உங்கள் வலக்கைப் பக்கம் தெரிந்தால் உடனே எச்சரிக்கையாகுங்கள்.

அடுத்தது பலருக்கும் தெரியாமலே நடப்பது: வண்டி வலது ஓரமாக ஒதுங்கிக்கொண்டே போகும். இத்தனை காலம் லேனின் வலது பாதியில் உட்கார்ந்து பழகிய உடம்பு, புது வண்டியிலும் அங்கேயே போய் நிற்கப் பார்க்கும். ஆனால் இப்போது வண்டியின் பெரும்பகுதி உங்களுக்கு வலப்புறம் இருக்கிறது. விளைவு: வலது சக்கரம் நடைபாதை விளிம்பில் உரசும், வலது கண்ணாடி நிற்கும் வண்டிகளில் தட்டும். காலியான பார்க்கிங்கில் ஒரு வேலை செய்யுங்கள். வலது சக்கரங்களை வெள்ளைக் கோட்டின் மேல் சரியாக நிறுத்துங்கள். உங்கள் இருக்கையிலிருந்து பார்த்தால் அந்தக் கோடு பானட்டின் எந்த இடத்தில் வந்து மறைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் போதும், பிறகு அந்த இடம்தான் உங்கள் அளவுகோல்.

திருப்பத்தில் எல்லாம் தலைகீழ். வலது திருப்பம் சின்னது, இடது திருப்பம் எதிர்வரிசையைக் கடந்து போகும் பெரியது. இடது திரும்பும்போது சீக்கிரம் வெட்டினால் நேராக எதிர்வரும் லேனில் போய் நிற்பீர்கள். வலது திரும்புமுன் வலது தோளைத் தாண்டி ஒருமுறை பாருங்கள். சைக்கிள்கள் அந்த இடைவெளியில்தான் வரும்.

வண்டி, கண்டிப்பாக ஆட்டோமேட்டிக். கிளச், பிரேக், ஆக்சிலரேட்டர் வரிசை எங்கேயும் மாறாது, கியர் வரைபடமும் மாறாது. ஆனால் கியர் போடுவது வலக்கை. அவசரத்தில் இடக்கை கதவைத்தான் தேடும். இண்டிகேட்டருக்குப் பதில் வைப்பர் ஓடினால் பதற வேண்டாம், சில நாளில் சரியாகும்.

பதில் 2

லைசென்ஸ் பற்றி. சர்வதேச ஓட்டுநர் அனுமதி, அதாவது ஐ.டி.பி., தனி லைசென்ஸ் அல்ல. உங்கள் லைசென்ஸின் மொழிபெயர்ப்பு மட்டுமே. அசல் கையில் இல்லாவிட்டால் அது செல்லாது. லைசென்ஸ் கொடுத்த நாட்டிலேயே வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். இணையத்தில் பத்து வருட "இன்டர்நேஷனல் லைசென்ஸ்" விற்பவர்களிடம் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். 1949 ஜெனீவா ஒப்பந்தப்படியான ஐ.டி.பி. ஒரு வருடம்தான் செல்லும், 1968 வியன்னா ஒப்பந்தப்படியானது அதிகபட்சம் மூன்று வருடம். போகிற நாடு எதை ஏற்கிறது என்று பார்த்து வாங்குங்கள்.

நீங்கள் போவது வேலைக்கு, சுற்றுலாவுக்கு அல்ல. அங்கே குடியேறியதும் வெளிநாட்டு லைசென்ஸுக்குக் கெடு ஓட ஆரம்பித்துவிடும். ஜெர்மனியில் ஆறு மாதம், அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஐ.டி.பி.யில் தேதி மீதி இருந்தாலும் இந்தக் கெடு முடிந்தால் முடிந்ததுதான். அதற்குப் பிறகு விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கைவிட வாய்ப்பு அதிகம். அங்கே போய்ச் சேர்ந்த முதல் வாரமே உள்ளூர் லைசென்ஸுக்கு விண்ணப்பியுங்கள்.

கேட்டவர்

இரண்டு பேருக்கும் நன்றி. சிவப்பு விளக்கில் வலது திரும்பலாம் என்கிறார்களே, எல்லா நாட்டிலுமா? ரவுண்டானாவில் யாருக்கு வழி?

பதில் 3

எல்லா நாட்டிலும் இல்லை. அமெரிக்காவில் பொதுவாக உண்டு. முழுதாக நிறுத்தி, வழிவிட்டு, பிறகு திரும்பலாம், தடைப் பலகை இருந்தால் கூடாது. நியூயார்க் நகருக்குள் தலைகீழ்: அனுமதிப் பலகை இருந்தால் மட்டுமே. ஜெர்மனியில் சிக்னல் பக்கத்தில் பச்சை அம்புப் பலகை வேண்டும், அப்போதும் முதலில் முழு நிறுத்தம்.

ரவுண்டானா கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றும், ஆகவே இடப்பக்கம் பார்த்து நுழையுங்கள். பெரும்பாலும் உள்ளே சுற்றுபவருக்கே முன்னுரிமை. ஆனால் பாரிஸின் ஆர்க் டி டிரையாம்ஃப் சுற்றுவட்டத்தில் உள்ளே நுழைபவருக்குத்தான் வழி.

ஐரோப்பாவுக்குப் போவதானால் இதைவிட முக்கியமானது வேறொன்று. பலகையோ சிக்னலோ இல்லாத சந்திப்பில், பிரான்ஸிலும் ஜெர்மனியிலும் வலப்புறத்திலிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும். அவர் வருவது சின்னச் சந்தாக இருந்தாலும் சரி. நீங்கள் போகும் சாலை அகலமானது என்பது கணக்கில் வராது. வெள்ளை விளிம்புள்ள மஞ்சள் டைமண்ட் பலகை தெரிந்தால் முன்னுரிமை உங்களுக்கு. அதன் மேல் கறுப்புக் கோடு குறுக்கே போயிருந்தால் அந்த முன்னுரிமை அங்கே முடிகிறது.