தடித்த ஏசி குழாயில் பனி உறைகிறது, அரை மணி நேரத்தில் காற்று குறைந்துவிடுகிறது: காரணம் என்னவாக இருக்கும்?

கேள்வி

வணக்கம். என் கார் பத்து ஆண்டுகள் பழையது. அதில் ஆர்-134ஏ கேஸ், கிளட்ச் (கம்ப்ரசரை இயக்கவும் நிறுத்தவும் உதவும் இணைப்பு) உள்ள கம்ப்ரசர், எக்ஸ்பான்ஷன் வால்வு (திரவமான கேஸைக் கூலிங் காயிலுக்குள் அளவாக விடும் வால்வு) ஆகியவை உள்ளன. குறைந்த தூரம் ஓட்டும்போது குளிர்ச்சியில் ஒரு குறையும் தெரிவதில்லை. நெடுஞ்சாலையில் முப்பது, நாற்பது நிமிடங்கள் தொடர்ந்து ஓடிய பிறகு, ப்ளோயர் சுழலும் ஓசை மாறாமலிருக்க, உள்ளே வரும் காற்று மட்டும் படிப்படியாகக் குறைந்து ஏறத்தாழ நின்றுவிடுகிறது. அந்நேரத்தில் பானட்டைத் திறந்து பார்த்தால், கூலிங் காயிலிலிருந்து கம்ப்ரசருக்குத் திரும்பும் தடித்த குழாய் முழுவதும் வெள்ளையாகப் பனி பூத்திருக்கிறது. ஏசியைப் பத்து நிமிடம் நிறுத்தி வைத்தால் வண்டிக்கு அடியில் நிறையத் தண்ணீர் வடிந்து, காற்று பழையபடி வரத் தொடங்குகிறது.

கேஸ் குறைவு என்று கூறி ஒரு பணிமனையில் 100 கிராம் சேர்த்தார்கள், பயனில்லை. அதன் பின்பு கேஜ் வைத்துப் பார்த்தபோது தொடக்கத்தில் லோ சைடு (கம்ப்ரசருக்குத் திரும்பும் பக்கம்) அழுத்தம் 30 பிஎஸ்ஐ, ஹை சைடு (கம்ப்ரசரிலிருந்து வெளியேறும் பக்கம்) அழுத்தம் 210 பிஎஸ்ஐ இருந்தது. பனி பிடித்த பிறகு லோ சைடு 18 வரை இறங்கியது. மறுபடியும் கேஸ் சேர்க்கச் சொல்கிறார்கள். சேர்க்கலாமா?

மறுமொழி 1

தயவுசெய்து சேர்க்க வேண்டாம். தடித்த குழாய் வியர்ப்பது இயல்பு. அதில் பனி உறைவது இயல்பன்று. ஆர்-134ஏ கேஸ் லோ சைடில் 28 பிஎஸ்ஐ அளவில் இருக்கும்போது அதன் கொதிநிலை ஏறக்குறைய 0 டிகிரி செல்சியஸ். 18 பிஎஸ்ஐ என்றால் அது −7 டிகிரிக்கு அருகில் போய்விடும். ஆகவே உங்கள் காயில் உறைநிலைக்குக் கீழே இறங்கிய பின்னும் கம்ப்ரசர் ஓய்வின்றி ஓடிக்கொண்டிருக்கிறது என்பதையே இந்த எண்கள் சொல்கின்றன. அதை ஏதோ ஒன்று நிறுத்தியிருக்க வேண்டும், நிறுத்தவில்லை.

கேஸ் குறைந்தாலும் காயில் உறையும் என்பது உண்மைதான். ஆனால் அப்போது தொடக்கத்திலேயே இரு பக்க அழுத்தமும் தாழ்ந்திருக்கும். சேர்த்ததும் ஓரளவேனும் மாற்றம் தெரிந்திருக்கும்.

முதலில் கேபின் ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஒருமுறை நீண்ட தூரம் ஓட்டிப் பாருங்கள். காற்று போதாவிட்டால் காயிலுக்கு வெப்பம் கிடைக்காது, வெப்பம் கிடைக்காத காயில் உறையும். அதில் மாற்றம் இல்லையென்றால் கம்ப்ரசர் கிளட்சைக் கவனியுங்கள். உங்களுடையது போன்ற அமைப்பில், காயிலின் செதில்களுக்கிடையே செருகப்பட்டிருக்கும் தெர்மிஸ்டர் (வெப்பநிலையை உணரும் சிறு கருவி), காயில் உறைநிலையை நெருங்கும்போது கிளட்சை விடுவிக்க வேண்டும். பனி பிடித்த நிலையிலும் கிளட்ச் விடுபடவில்லை என்றால் தவறு தெர்மிஸ்டரிலோ ரிலேயிலோ (கிளட்சுக்கு மின்சாரம் தரும் சுவிட்ச்) இருக்கும். ஏசி பொத்தானை அணைத்ததும் கம்ப்ரசர் நின்றுவிட்டால் ரிலே ஒட்டிக்கொள்ளவில்லை என்று கொள்ளலாம். பெல்ட் சுழலும்போது கையும் ஆடையும் அருகே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதைத் தள்ளிப்போடவும் வேண்டாம். உறைந்த காயிலில் ஆவியாகாத திரவம் அந்தத் தடித்த குழாய் வழியாகவே கம்ப்ரசருக்குள் போகிறது. ஆவியை அழுத்துவதற்கென்று செய்யப்பட்ட கம்ப்ரசர் திரவத்தை நெடுநாள் தாங்காது.

மறுமொழி 2

மேலே சொன்னதை ஏற்கிறேன். இதே போன்று தோன்றும் வேறொரு கோளாறும் இருப்பதால், பிறருக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன். முதலில் நிற்பது காற்றா, குளிர்ச்சியா என்று பாருங்கள். காற்று வழக்கம்போல வந்துகொண்டே இருக்க, குளிர்ச்சி மட்டும் திடீரென மறைந்து, லோ சைடு வெற்றிடத்தை நோக்கி இறங்கினால், கேஸோடு கலந்த ஈரம் எக்ஸ்பான்ஷன் வால்வின் நுண்துளையில் உறைந்து அடைத்துக்கொண்டது என்று ஐயுறலாம். சிறிது நேரம் நிறுத்தினால் அதுவும் உருகிச் சரியாகிவிடும் என்பதால்தான் பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். அதற்கு கேஸிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் ட்ரையரை மாற்றி, பம்ப் வைத்து நீண்ட நேரம் வெற்றிடம் இழுக்க வேண்டும். 30 டிகிரி வெப்பத்தில் தண்ணீர் கொதித்து ஆவியாக, உள்ளழுத்தம் சுமார் 32 மில்லிமீட்டர் பாதரசத்துக்கும் கீழே இறங்க வேண்டியிருப்பதால், ஐந்து நிமிட வெற்றிடம் எதற்கும் உதவாது.

மெல்லிய குழாயையும் தடவிப் பாருங்கள். கண்டென்சரிலிருந்து (கேஸ் வெப்பத்தை வெளியேற்றித் திரவமாகும் பகுதி) வால்வு வரை அது ஒரே சீராக வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். இடையில் ஓரிடத்தில் சில்லிட்டால் அடைப்பு அங்கேதான்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஃபில்டர் இல்லாமல் ஓட்டியும் பனி பிடித்தது. மெல்லிய குழாய் சீராகவே இருந்தது. பொத்தானை அணைத்தால் கம்ப்ரசர் நிற்கிறது; அணைக்காதவரை, குழாய் முழுக்க வெளுத்த பிறகும் ஓடிக்கொண்டே இருக்கிறது. எனவே டேஷ்போர்டின் அடிப்பகுதியைக் கழற்றித் தெர்மிஸ்டரை எடுத்து, அறை வெப்பத்திலும் பனிக்கட்டி நீரிலும் அதன் மின்தடையை அளந்தேன். குளிரக் குளிர மின்தடை சீராக உயர்ந்தது, பணிக்கையேட்டில் உள்ள அளவுகளுக்கும் பொருந்தியது. தெர்மிஸ்டரில் பழுதே இல்லை. அதைப் பிடித்திருக்க வேண்டிய பிளாஸ்டிக் கிளிப்தான் உடைந்து, அதன் முனை செதில்களைத் தொடாமல் காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. சென்ற ஆண்டு காயிலைக் கழற்றிச் சுத்தம் செய்தபோது உடைந்திருக்க வேண்டும்.

புதிய கிளிப் போட்டுப் பழைய இடத்திலேயே செருகினேன். இரண்டு மணி நேரம் ஓட்டியும் பனி இல்லை. கிளட்ச் விட்டு விட்டுப் பிடிக்கிறது. கூடுதலாகச் சேர்த்த 100 கிராமை என்ன செய்வது? வண்டி நின்றிருக்கும்போது அழுத்தம் சரியாகவே காட்டுகிறதே?

மறுமொழி 1

சரியாகத்தான் காட்டும். உள்ளே சிறிதளவு திரவம் இருக்கும்வரை, நின்ற நிலை அழுத்தம் வெளி வெப்பத்தைச் சொல்லுமே தவிர, கேஸின் அளவைச் சொல்லாது. 30 டிகிரியில் அரைக் கொள்ளளவிலும் முழுக் கொள்ளளவிலும் ஏறத்தாழ 97 பிஎஸ்ஐதான் இருக்கும். கேஸை மீட்டெடுக்கும் கருவி உள்ள பணிமனையில் முழுவதையும் எடுத்து எடை பார்த்து, பானட்டின் அடியில் ஒட்டப்பட்டுள்ள தாளில் குறித்திருக்கும் கிராம் அளவுக்கே மீண்டும் நிரப்பச் சொல்லுங்கள். வால்வைத் திறந்து வெளியே விடுவது காற்றுமண்டலத்துக்குக் கேடு, கையில் பட்டால் தோல் உறைந்து புண்ணாகும். வெளியே எடுக்கும்போது கேஸோடு எவ்வளவு கம்ப்ரசர் எண்ணெய் வந்தது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். வந்த அளவு எண்ணெய் திரும்ப உள்ளே போக வேண்டும்.